மூடியில் இரண்டு எழுத்து

முதல் நாள் நான் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினபோது
கமலேந்திரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
கள்ளநோட்டைப் பார்க்கிற மாதிரி.
பிறகு வழக்கம்போல
லஞ்ச் ஷீட் ஒன்றை உருவி விரித்து
இரண்டு அகப்பை சோறு,
பருப்பு, பூசணி, கத்தரிக்காய்ப் பிரட்டல்,
ஓரத்தில் சம்பல்,
எல்லாம் போட்டு முடித்து
அப்படியே தூக்கி என் பெட்டிக்குள் கவிழ்த்தான்.
ஷீட்டைக் கசக்கிக் காலடிக் கூடைக்குள் எறிந்தான்.
"இல்லாட்டி அளவு தெரியாது, மேடம்."

சரிதான்.
காலி வீதியின் இந்தக் கடையில்
பார்சல் என்பது சாப்பாட்டின் பெயர் இல்லை,
ஓர் அளவு.
சுண்டு, கொத்து போல.

பின்னால் வரிசை பெருமூச்சு விட்டது.
ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
சொதியைப் பொலித்தீன் பையில் ஊற்றி
ரப்பர் வளையம் போட்டுத் தந்தான்.
அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.
மறுக்கிற தைரியம்
ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் வருகிறது.

எனக்குத் தொழில் கணக்காய்வு.
மற்றவர்களின் சில்லறைச் செலவில்
பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள்.
அன்று மத்தியானம் பென்சிலால் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்:
கிழமைக்கு ஐந்து,
வருசத்துக்கு இருநூற்று நாற்பது,
பதினொரு வருசம்.
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ஷீட்.
ஒவ்வொன்றும் என்னிடம் வேலை பார்த்தது இருபது நிமிசம்.
அதன் ஓய்வுக்காலம் எத்தனை வருசமென்று
கூட இருந்து எண்ணியவர் எவருமில்லை.
கூட்டினேன். கீழே இரட்டைக் கோடு போடவில்லை.
முடிந்த கணக்குக்குத்தான் இரட்டைக் கோடு.

ஐப்பசி மழையில்
வெள்ளவத்தைக் கால்வாய் கடலுக்கு ஓடுகிறபோது
பாலத்தில் நின்று பார்த்தேன்.
ஷீட்டுகள் தட்டையாக விரிந்து போயின,
யாரோ வரப்போகிற பந்திக்கு
இலை போட்டது மாதிரி.
சிலதில் பருப்பின் மஞ்சள் இன்னும் இருந்தது.
இதில் உன்னுடையது எது என்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.
அதுதான் அதன் வசதி.

கமலேந்திரன் என் பெட்டியில்
மார்க்கர் பேனையால் கோடு போட்டது மூன்றாம் கிழமை.
"இதுவரைக்கும் சோறு. மேல கறி."
கழுவக் கழுவக் கோடு அழிந்தது.
திரும்பவும் அவனே போட்டான், இந்த முறை கொஞ்சம் மேலே.
முதலாளிக்குத் தெரியாது.
சொதிக்கு ஜாம் போத்தல் கொண்டுபோனேன்.
ஒரு நாள் அது கைப்பைக்குள் கொட்டி
ஒரு கம்பனியின் ரசீது முழுக்க மஞ்சளாகிப் போனது.
அந்தக் கிழமை சொதி வேண்டாமென்றேன்.

இன்றைக்குப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டேன்.
பசி. எனக்கு முன்னால் நாலு பேர்.
ஒரு நாள்தானே என்று
எல்லாரும் சொல்கிற வசனத்தை
வாய்க்குள் உருட்டிக்கொண்டு நின்றேன்.
"இருங்க" என்று குனிந்தவன்
மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி எடுத்தான்.
எவர்சில்வர். ஒரு பக்கம் நெளிந்தது.
யாரோ விட்டுப்போய் மாசக்கணக்காம்.
"கழுவித்தான் வச்சிருக்கேன்."

அலுவலகத்தில் மூடியைத் திருப்பினேன்.
புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்து: து. யோ.
து என்றால் துரைசிங்கமா, துஷ்யந்தியா,
யோ யோகநாதனா, யோசேப்பா,
எந்தக் கலியாணத்துக்குக் கொடுத்ததோ,
எந்த வீட்டைப் பூட்டுகிற அவசரத்தில்
கையோடு எடுத்து வந்ததோ.
லஞ்ச் ஷீட்டில் யாரும் பெயர் வெட்டுவதில்லை.

அடியில் ஒட்டின சோற்றைச் சுரண்டிக் கழுவினேன்,
இரண்டு தரம்.
இப்போது என் மேசையில் கவிழ்ந்து காய்கிறது.
நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
வெறும் பாத்திரமாய்க் கொடுக்கக்கூடாது என்று
எங்கள் பக்கம் சொல்லுவினம்.
பின்னேரம் ரயில் நிலையத்தடியில்
நாலு கதலிப்பழம் வாங்கினேன்.
பழக்காரர் பழக்கத்தில் பை ஒன்றை ஊதி விரித்தார்.
நான் கையை நீட்டினேன்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்,
அவர் கையில் அந்தக் காற்றோடு.